மூடுவதற்காகத் திறந்த பல்கலைக்கழகம்

எங்கள் ஊர் ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படி ஒன்று இருந்தது என்று எங்களுக்கே தெரிய வந்தது, அதை மூட வந்தவர்கள் சொல்லித்தான்.

தெற்கே ஒரு பெரிய பழைய பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்களுக்குக் காது நீளம். அங்கே வடக்கத்தி மாணவர்களுக்கும் தெற்கத்தி மாணவர்களுக்கும் ஓயாத அடிதடி. தத்துவம் படித்தவர்கள் ஆகையால் கம்பும் கல்லும் போதாமல் வில்லும் அம்பும் தேவைப்பட்டன. உதை வாங்கிய வடக்கத்தியர்கள் தங்கள் ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆளில்லாமல் கிடந்த மாடி அறைகளில் பெஞ்சு போட்டார்கள்; பாடம் ஆரம்பமாயிற்று. எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ரொட்டிக்காரன் இரண்டாவது அடுப்பு கட்டினான். பியர் காய்ச்சுகிறவர்கள் புது அண்டா வாங்கினார்கள். ஆசிரியர்கள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தோம்.

வந்த ஆசிரியர்கள் ஒன்று கூடி, தங்களைப் பல்கலைக்கழகம் என்று அங்கீகரிக்க வேண்டும் என்று ராஜாவுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் போட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. அப்புறம் தெற்கே இருந்த பழைய பல்கலைக்கழகம் ஒரு விண்ணப்பம் போட்டது. அதற்கு உடனே பதில் வந்தது. ஸ்டாம்ஃபோர்டில் பாடம் சொல்கிறவனும் கேட்கிறவனும் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். மீறித் தங்குகிறவனின் சொத்து பறிமுதல், ஆள் லிங்கன் நகரத்துக் கோட்டைச் சிறைக்கு.

எல்லோரும் மறுபடி மூட்டை கட்டினார்கள். ஏற்கனவே பழக்கம் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை, அதாவது போக முடியவில்லை. அவர் மாஸ்டர் ஹாமோ, இலக்கண ஆசிரியர். வயதானவர். நெஞ்சில் சளி கட்டி, படி இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டிய நிலையில் கிடந்தார். அவருக்கு அப்படிச் சளி கட்டியதற்குக் காரணம் ஆஸ்பெர்ட் என்கிற கூரைக்காரன்.

ஆஸ்பெர்ட் நல்ல வேலைக்காரன்தான். கல் ஓடு வேய்வதில் அவனை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஹாமோ பாடம் நடத்திய வீட்டின் கூரையை மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் அவனைத்தான் கூப்பிட்டார். பழைய ஓடுகளைப் பிரித்தான். பிரித்த இடத்தின் வழியே கீழேயிருந்து ஹாமோவின் குரல் மேலே வந்தது. அவ்வளவுதான், ஆள் மயங்கிப்போனான். கூரை முழுவதையும் வேய்ந்தவன், ஒரு தலை நுழையும் அளவுக்கு மட்டும் ஓர் இடத்தை அடைக்காமல் விட்டுவைத்தான். நாளும் ஏணி வைத்து ஏறுவான். ஓடு ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்வான். பாடம் முடியும் வரை அந்த ஓடு சரியாகவே ஆகாது.

அவன் மனைவி மேபலுக்குப் பொறுமை போயிற்று.

"ஒரு ஓட்டைய அடைக்க ஈஸ்டர்லேர்ந்து எத்தனை மாசமய்யா? அதுக்குள்ள ஒரு கோயிலே கட்டி முடிச்சிருப்பாங்க. லத்தீன்ல உனக்கு என்ன புரியுது?"

"ஒன்னும் புரியல."

"பின்ன?"

"அவர் சொல்றப்போ, கொஞ்ச நேரத்துல புரிஞ்சிடும்போல இருக்கு. அதுக்குள்ள மணி அடிச்சிடறாங்க."

ஆஸ்பெர்ட் விட்டுவைத்த இடத்துக்கு நேர் கீழேதான் ஹாமோவின் நாற்காலி. மழை பெய்தபோது அவர் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கலாம். போடவில்லை. கண் மங்கிப்போனவருக்கு அந்த இடத்தில்தான் எழுத்து தெரிந்தது. வெளிச்சத்துக்காக நனைந்தார். நனைந்தவருக்கு இருமல் வந்தது, இருமல் நெஞ்சுக்கு இறங்கியது, மாணவர்கள் வண்டியேறிய வாரம் அவர் படுக்கையில் இருந்தார்.

ஆஸ்பெர்ட் ஓட்டையை அடைத்தான். ஆனால் மனசு அடைபடவில்லை. இரவு பகலாக அந்த இருமல் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவில் யார் இருமினாலும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தான். மேபல் காய்ச்சிய கஞ்சியையும் கொஞ்சம் விலாங்கு மீனையும் எடுத்துக்கொண்டு போய் ஹாமோவின் வாசற்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் ஓடி வந்துவிடுவான். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான். ஒவ்வொரு முறையும் படி வரைக்கும்தான் தைரியம் இருந்தது.

இப்படி இருக்கும்போது கமிஷன் வந்தது.

ராஜாவின் ஆணை நிறைவேறியதா என்று பார்த்து, பல்கலைக்கழகத்தை முறைப்படி மூடிவிட்டு வரும்படி பழைய பல்கலைக்கழகம் தன் ஆட்களை அனுப்பியிருந்தது. தலைவர் டாக்டர் அன்செல்ம் பாகெட். சிவப்பு அங்கி, ரோமம் வைத்த தொப்பி, பின்னால் ஓர் ஆள் அவர் அங்கியின் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்னால் வெள்ளித் தடி பிடித்த தடிக்காரர். அந்தத் தடி வந்தால் குதிரைகூட நின்றுதான் போக வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கமாம். எங்கள் ஊர்க் குதிரைகளுக்கு அது தெரியாததால் தடிக்காரர் ஒருமுறை சாக்கடைக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

டாக்டர் பாகெட் சந்தை மேட்டில் நின்று பேசினார்.

"ஸ்டாம்ஃபோர்ட் மக்களே, உங்க மேல எங்களுக்குப் பொறாமை கிடையாது. பொறாமைப்பட உங்ககிட்ட என்ன இருக்கு? எங்க மாணவர்கள் இங்க ஓடி வந்தாங்க. அதுல எங்களுக்கு வருத்தமில்ல. இங்க ஒழுங்கா படிச்சாங்கன்னு கேள்விப்பட்டோம். அதுலதான் வருத்தம். அறிவுக்கு எல்லை இல்லைன்னு பெரியவங்க சொல்வாங்க. எல்லை இல்லதான். ஆனா இடம் உண்டு. அந்த இடம் எங்ககிட்ட இருக்கு."

நாங்கள் கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று தெரியவில்லை. அவர் நிறுத்தினார், அதனால் தட்டினோம்.

பிறகு அவர் பல்கலைக்கழகத்தை மூட ஆரம்பித்தார். ஆரம்பித்த இடத்திலேயே சிக்கல் வந்தது. பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டார். எங்கள் நகர எழுத்தர், "அப்படி ஒன்னும் இல்லீங்களே, அங்கீகாரம் வரவே இல்லையே, வாடகை வீட்ல சில பேர் பாடம் சொன்னாங்க, அவங்களும் போயிட்டாங்க" என்றார்.

டாக்டர் முகம் கறுத்துவிட்டது. "இல்லாததை நான் எப்படி மூடறது? மூடாம நான் எப்படித் திரும்பிப் போறது? நாலு டாக்டருங்க, ஒரு தடி, இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

அன்று முழுவதும் கமிஷன் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தது. உள்ளேயிருந்து வறுத்த வாத்து வாசனையும் லத்தீனும் வந்துகொண்டிருந்தன. மறுநாள் காலை முடிவை அறிவித்தார்கள். மூடுவதற்கு ஒன்று வேண்டும் என்பதால், ஸ்டாம்ஃபோர்டில் ஒரு பல்கலைக்கழகம் முதலில் முறைப்படி திறக்கப்படும். கோயில் மணி அடித்தது. ஊர்வலம் போயிற்று. டாக்டர் பாகெட் கண் கலங்க ஒரு வாழ்த்துரை வழங்கினார். இந்தப் பல்கலைக்கழகம் வானமும் பூமியும் உள்ளவரை நிலைக்கட்டும் என்றார். மதியச் சாப்பாட்டுக்குள் மூடிவிட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். எங்கள் ஆசிரியர்கள் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அங்கீகாரம், அவர்கள் எல்லோரும் ஓடிப்போன பிறகு இப்படிக் கிடைத்தது.

அடுத்த சிக்கல், பல்கலைக்கழகம் என்றால் குறைந்தது ஓர் ஆசிரியராவது வேண்டும். மாவட்டத்தில் ராஜாவின் அதிகாரியான ஷெரீஃபின் ஆட்கள் வீடு வீடாகத் தேடி ஹாமோவைக் கண்டுபிடித்தார்கள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து கமிஷன் உட்கார்ந்திருந்த கூடத்தில் வைத்தார்கள். கம்பளி போர்த்தியிருந்தார். இருமல் ஆளையே உலுக்கியது.

"ராஜா போகச் சொல்லியும் இந்த ஆள் இங்க தங்கியிருக்கார்" என்றார் தடிக்காரர், கூட்டத்தைப் பார்த்து. "இவரை இங்க தங்க வச்சது யாரு? அவன் முன்னால வரணும்."

அவர் கேட்டது, இடம் கொடுத்த வீட்டுக்காரரை. வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்த பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் கூட்டத்தின் பின்னாலிருந்து ஆஸ்பெர்ட் கையைத் தூக்கினான். படி வரைக்கும் போய்த் திரும்பிய தைரியம் அன்றைக்கு எப்படியோ படியைத் தாண்டிவிட்டது.

மேபல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உன்னை யாருய்யா கேட்டா?"

"நான்தாங்க" என்றான் ஆஸ்பெர்ட். "இவர் இங்க கெடக்கறதுக்கு நான்தான் காரணம். கூரைய அடைக்காம விட்டேன். பாடம் கேக்கணும்னு விட்டேன். மழை உள்ள போயி, இவருக்கு நெஞ்சுல தங்கிடுச்சு. என்னைத் தண்டிச்சிருங்க. இவரை விட்டுருங்க."

ஹாமோ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கூரை விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்ததோ, முன்பே தெரியுமோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

டாக்டர் பாகெட்டுக்கு மழையும் நெஞ்சும் காதில் விழவில்லை. "பாடம் கேட்டியா?" என்றார். "அப்போ நீ மாணவன்."

"இல்லீங்க, நான் கூரைக்காரன்."

இதில் கமிஷனுக்குள்ளேயே கருத்து வேற்றுமை வந்தது. மாணவன் என்பவன் ஆசிரியரின் காலடியில் இருக்க வேண்டும், இவனோ ஆசிரியரின் தலைக்கு மேலே இருந்திருக்கிறான், இது எந்த நூலிலும் இல்லை என்றார் ஒரு டாக்டர். குரல் புகை மாதிரி மேலே போகும், ஆகையால் மேலே இருப்பவனுக்குத்தான் முதலில் கேட்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் டாக்டர் பாகெட் ஆஸ்பெர்ட்டிடமே கேட்டார்.

"கேட்ட பாடம் புரிஞ்சுதா?"

"ஒரு வார்த்தைகூடப் புரியலீங்க."

"புரியலேன்னு தெரிஞ்சும் தினமும் போனியா?"

"போனேங்க."

டாக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சந்தேகமே இல்ல. மாணவன்தான். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்."

ஆக, ஓர் ஆசிரியர், ஒரு மாணவன். மூடுவதற்கு லட்சணமான பல்கலைக்கழகம் தயாராகிவிட்டது. டாக்டர் பாகெட் இப்போது நிபந்தனையைச் சொன்னார். மூடுவிழா சட்டப்படி குறைவில்லாமல் நடந்து முடிந்தால் பழைய கணக்கு எதுவும் இல்லை. மாஸ்டர் ஹாமோவை ஒரு வண்டியில் ஏற்றி அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். குறை வந்தால் பல்கலைக்கழகம் இன்னும் திறந்தே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் அவர் ராஜாவின் ஆணையை மீறியவர், லிங்கன் சிறைக்குப் போக வேண்டும். லிங்கன் சிறைத் தரை எப்போதும் ஈரம். அந்த நெஞ்சோடு போனால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பெர்ட்டுக்கும் தெரியும்.

"என்ன சொன்னாலும் செய்றேங்க" என்றான்.

அதைச் சொன்னபோது என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

ஒருவரை ஆசிரியராக்கும்போது பல்கலைக்கழகத்தில் ஒரு சடங்கு உண்டு. தலையில் முக்காடு போடுவார்கள், விரலில் மோதிரம், கையில் திறந்த புத்தகம், கன்னத்தில் முத்தம். மூடும்போது இதையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்று கமிஷன் முடிவு செய்திருந்தது. ஹாமோவின் முக்காட்டைக் கழற்றினார்கள். மோதிரத்தைக் கழற்ற எண்ணெய் தேவைப்பட்டது. புத்தகத்தை மூடினார்கள். முத்தத்தில் கொஞ்ச நேரம் தாமதமாயிற்று. கொடுத்த முத்தத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டாக்டர் பாகெட் ஹாமோவின் கன்னத்தைத் தம் அங்கியின் கையால் துடைத்துவிட்டார். அதற்கும் கை தட்டினோம்.

"மத்த ஆசிரியர்களுக்கு இதோட முடிஞ்சது" என்றார் டாக்டர். "ஆனா இவர் இலக்கண ஆசிரியர்."

இலக்கண ஆசிரியருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சடங்கு இருக்கிறது. புது ஆசிரியர் கையில் மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மிளாரைக் கொடுத்து, மாணவன் ஒருவனைச் சபைக்கு முன்னால் அடிக்கச் சொல்வார்கள். நன்றாக அடித்தால் இலக்கணம் சொல்லிக்கொடுக்கத் தகுதி வந்துவிட்டது என்று பொருள். பட்டம் கொடுக்கும்போது ஆசிரியர் மாணவனை அடிக்கிறார், பட்டத்தைப் பறிக்கும்போது?

தடிக்காரர் பிர்ச் மரக் குச்சி மிளார் ஒன்றை எடுத்து ஆஸ்பெர்ட் கையில் கொடுத்தார்.

அவன் அதைப் பார்த்தான். ஹாமோவைப் பார்த்தான். "இவரையா?" என்றான். பிறகு, "வேற ஏதாவது சொல்லுங்க. கூரை மேலேர்ந்து குதிக்கச் சொல்லுங்க. நானே அடி வாங்கிக்கறேன்" என்றான்.

"நீ அடி வாங்கினா இவர் மறுபடி ஆசிரியர் ஆயிடுவார்" என்று பொறுமையாக விளக்கினார் டாக்டர். "சட்டம் உனக்குப் புரியல."

கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. பல்கலைக்கழகம் திறந்தே கிடந்தால் ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்த எங்கள் வீடுகளுக்கும் ஆபத்து. "அடிச்சுட்டு வாப்பா, அவருக்குத்தானே நல்லது" என்றான் ரொட்டிக்காரன். "தட்டற மாதிரி தட்டு, போதும்" என்றான் இன்னொருத்தன். ஹாமோ கம்பளியை விலக்கினார். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, முதுகைக் காட்டினார். சட்டைக்குள் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது.

ஆஸ்பெர்ட் தட்டினான்.

"இது அடி இல்ல" என்றார் தடிக்காரர். "தூசி தட்டறது."

மறுபடி ஓங்கினான். மிளார் கையிலிருந்து நழுவிப் பறந்து டாக்டர் பாகெட்டின் தொப்பியைத் தட்டிவிட்டது. தடிக்காரர் தொப்பியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். ஆஸ்பெர்ட் அழ ஆரம்பித்துவிட்டான். முகத்தைத் துடைக்கக்கூட மறந்து அழுதான்.

அப்போது ஹாமோ முகத்தைத் திருப்பாமலே மெதுவாகப் பேசினார். பாடம் சொல்லும்போது கூரைக்கு எட்டிய அதே நிதானமான குரல்.

"ஆஸ்பெர்ட், தோள்லேர்ந்து அடிக்காத. மணிக்கட்டுலேர்ந்து. மிளாரை நடுவுல பிடிக்காத, அடியில பிடி. விரலை இறுக்காத. அப்போதான் சத்தம் நல்லா வரும், காயம் குறைச்சலா இருக்கும். சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஆஸ்பெர்ட் தலையாட்டினான். பிடியை மாற்றினான்.

"நிறுத்து" என்று எழுந்தார் டாக்டர் பாகெட். "இங்க இப்போ என்ன நடந்தது?"

தடிக்காரருக்கும் திகைப்புதான். "பாடம் நடந்ததுங்க, டாக்டர் ஐயா."

"தெரிஞ்சவர் தெரியாதவனுக்குச் சொன்னார். தெரியாதவன் தலையாட்டினான். முக்காட்டைக் கழட்டின பிறகு, என் கண் முன்னால, சபையில, பாடம். பல்கலைக்கழகம் தானா திறந்துடுச்சு."

ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. முக்காட்டைப் போட்டார்கள், கழற்றினார்கள். மோதிரத்தைப் போட்டார்கள், வீங்கிய விரலிலிருந்து அதைக் கழற்ற இன்னும் கொஞ்சம் எண்ணெய் வந்தது. முத்தம் கொடுத்தார்கள், துடைத்தார்கள். டாக்டர் பாகெட் இந்த முறை வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டார். சமையற்கட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இனி வாய் திறந்தால் நேரே லிங்கன் என்று ஹாமோவை எச்சரித்தார். ஹாமோ உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

ஆஸ்பெர்ட் மிளாரை அடியில் பிடித்தான். விரலைத் தளர்த்தினான். மணிக்கட்டை மட்டும் சுண்டினான்.

சத்தம் சாட்டை மாதிரி கேட்டது. கூட்டம் "ஆ" என்றது. டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். ஆஸ்பெர்ட் அடுத்ததை அடித்தான், அது முதலாவதைவிடச் சுத்தமாக விழுந்தது. அவன் அழுகை நின்றுவிட்டிருந்தது. எனக்கு அவன் முகம் தெரிகிற இடத்தில்தான் இடம் கிடைத்திருந்தது. புது ஓடு ஒன்று இடுக்கில்லாமல் பொருந்தும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும், அது வந்திருந்தது. மாதக்கணக்கில் கூரை மேல் உட்கார்ந்து காத்திருந்தவனுக்கு, ஆசிரியர் சொன்னது முதல் முறையாகப் புரிந்துவிட்டது.

போதும் என்று தடிக்காரர் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகும் ஓர் அடி விழுந்தது.

அந்த அடியை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. ஹாமோ அதுவரை சத்தம் போடாதவர், அந்த அடிக்குச் சின்னதாக ஒரு சத்தம் போட்டார். ஆஸ்பெர்ட் மிளாரைக் கீழே போட்டான். போட்ட கையைத் தன் கையே இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் சத்தியம். இரண்டு பேரும் சுவிசேஷத்தின் மேல் கை வைக்க வேண்டும். இந்த நகரத்தில் இனி எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை, ஒரு வார்த்தைகூட, என்று ஹாமோ சத்தியம் செய்தார். ஆஸ்பெர்ட்டின் சத்தியம் வேறு. இந்த நகரத்தில் தனக்கு எவரும் எதையும் கற்பிக்கவில்லை, தான் எதையும் கற்கவில்லை என்று அவன் சொல்ல வேண்டும். ஹாமோ அவனைப் பார்த்து, சொல்லு என்பதுபோல் கண்ணைக் காட்டினார். சொன்னான். மணி அடித்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டது. வாத்து ஆறிப்போயிருந்தது என்று கேள்வி.

ஆஸ்பெர்ட் டாக்டர் பாகெட்டைத் தேடி அவர் சாப்பிடும் இடத்துக்கே போனான்.

"ஐயா, கூட ஒன்னு அடிச்சிட்டேன்."

"பார்த்தேன். ஆர்வம்னு பதிவு பண்ணச் சொல்லிட்டேன்."

"அதுக்கு எனக்குத் தண்டனை குடுங்க."

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "தண்டனையா? அடிச்சது நீ இல்லப்பா. உன் கை வழியா சபை அடிச்சது. எங்க ஊருக்கு வர்றியா? நல்ல கை. நாங்க இலக்கணத்துக்கு ஆள் தேடிட்டிருக்கோம்."

அங்கிருந்து பாதிரியாரிடம் ஓடினான். பாதிரியாரும் முழுவதையும் கேட்டார். மேலிடத்து ஆணைப்படி செய்தது பாவக் கணக்கில் வராது என்றார். அந்தக் கடைசி அடியைச் சொன்னான். ஆர்வம் என்று பதிவாகியிருக்கிறதே, நான் எப்படி அதைப் பாவம் என்று சொல்வது என்றார். பொய்ச் சத்தியத்தைச் சொன்னான். நீ ஏதாவது கற்றுக்கொண்டாய் என்று இப்போது நிரூபிக்கப் பார்த்தால் பல்கலைக்கழகம் திறந்துவிடும், ஹாமோ சிறைக்குப் போவார், பேசாமல் வீட்டுக்குப் போ என்றார். ஒரு நோன்பாவது கொடுங்கள் என்று மன்றாடினான். காரணமில்லாமல் நோன்பு கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார்.

பாவப்பட்டவன் தெருவில் வந்து நின்றான். எங்கள் ஊரில் அன்று அவனைக் குற்றவாளி என்று சொல்ல ஒரு நாதியில்லை. ரொட்டிக்காரன் அவன் முதுகில் தட்டி, ஒரு ரொட்டியைக் கையில் திணித்தான். அதை அவனால் தின்னவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. வைக்கோல் பரப்பி ஹாமோவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஆஸ்பெர்ட் வண்டிச் சக்கரத்தோடு சேர்ந்து நடந்தான். மேபல் பின்னால் வந்தாள்.

"மாஸ்டர்" என்றான். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

ஹாமோ வாயைத் திறந்தார். வண்டிக்கு முன்னால் ஷெரீஃபின் ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் அது கற்பிப்பதாகிவிடும். கற்பித்தால் மறுபடி முக்காடு, மறுபடி மோதிரம், மறுபடி அந்தக் கையில் மிளார். ஹாமோ வாயை மூடிக்கொண்டார். அவர் ஏன் மூடினார் என்று ஆஸ்பெர்ட்டுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த மூடிய வாயைப் பார்த்துக்கொண்டே தெரு முழுக்க நடப்பது லேசான காரியம் இல்லை.

வெல்லண்ட் ஆற்றோடு எங்கள் எல்லை முடிகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், வேறு ஷெரீஃப். கமிஷனின் ஆணையும் ஹாமோவின் சத்தியமும் இந்தக் கரை வரைக்கும்தான். ஷெரீஃபின் ஆள் பாலத்தின் நடுவில் நின்று கணக்காகத் திரும்பிப் போய்விட்டான். வண்டி அக்கரைக்குப் போனதும் ஹாமோ வண்டிக்காரனை நிறுத்தச் சொன்னார். முழங்கையை ஊன்றி மெல்ல எழுந்தார். இருமல் வந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஆஸ்பெர்ட்" என்று கூப்பிட்டார். "இங்க வாப்பா. ஒன்னு சொல்லணும்."

குரலில் கோபமே இல்லை. ஆற்றுச் சத்தத்தைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

ஆஸ்பெர்ட் பாலத்தின் இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கூப்பிடறார்ல, போயேன்" என்றாள் மேபல்.

"வேணாம்."

"திட்டுவார்னு பயமா?"

"திட்டமாட்டார்" என்றான் ஆஸ்பெர்ட். "மன்னிச்சிடுவார். அதான் போகல."

ஹாமோ இன்னும் ஒரு முறை கையை அசைத்தார். யாரும் வருவதாகத் தெரியவில்லை. வண்டிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டினான்.